தும்பிவிடுதி எந்தப் பக்கம்

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூடத்தில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மகனுடைய அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவனுடைய லேப்டாப்பிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. கல்லூரிப் பையனின் குரல் இல்லை. முப்பது வயதாவது இருக்கும். கேள்வி கேட்டே பழகிய குரல்.

"சரி, இப்ப ஒன் சொந்த ஊரு பேரச் சொல்லு. யாரும் நேர்ல போய்ப் பாக்கப் போறதில்ல. தயங்காமச் சொல்லணும்."

என் மகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தும்பிவிடுதி" என்றான்.

சிவப்புப் பேனா தாளின் மேலேயே நின்றுவிட்டது. அவன் பிறந்தது புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில். வளர்ந்தது ஆலங்குடியில், இதே வீட்டில். அவன் அப்பாவுக்குச் சொந்த ஊர் அரிமளம். எனக்குத் திருமயம் பக்கம். விடுதி என்று முடிகிற ஊர் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. ஆனால் தும்பிவிடுதிக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

குரல் விடவில்லை. "ஊருக்குத் தண்ணி எங்கேருந்து வருது? யாருக்கு யாரு பயப்படுவாங்க? ஒங்க அம்மா என்ன சமைப்பாங்க? ஒருத்தன் ஊரவிட்டு வெளிய வரணும்னா எந்த வழியா வருவான்? கேட்ட ஒடனே வரணும். முழிச்சா ஊரு பொய்னு தெரிஞ்சுபோகும்."

ஒரு பையன் இல்லாத ஊரைச் சொன்னான் என்பதற்காக ஒரு தாய் இப்படிப் பயப்படுவாளா என்று கேட்கலாம். என் அண்ணன் மகனைப் பற்றித் தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

அவன் என் மகனைவிட மூன்று வயது பெரியவன். கம்ப்யூட்டர் வேலை, ஏசி அறை, தங்க இடம் என்று சொல்லி ஒரு ஏஜெண்ட் அவனை வெளிநாட்டுக்கு அனுப்பினான். அனுப்புவதற்கு முன்னால் திருச்சியில் ஒரு லாட்ஜ் அறையில் பயிற்சி நடந்தது. விமான நிலையத்தில் கேட்டால் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டும், யார் அனுப்பினார்கள் என்றால் மாமா என்று சொல்ல வேண்டும், எல்லாம் மனப்பாடம். போய் இறங்கிய இடத்தில் ஏசி அறை இருந்தது. கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டும் இருந்தது. அங்கே அவனுக்கு ஒரு புதுப் பெயரும், அவன் ஒருநாளும் பார்க்காத ஒரு சொந்த ஊரும் கொடுத்தார்கள். அந்த ஊரில் பனி பெய்யும், வீட்டுக்குப் பின்னால் ஆறு ஓடும், அம்மா இன்ன பண்டம் சுடுவாள் என்றெல்லாம் பாடம். அந்த ஆளாக உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களுக்குப் பாசமாகச் செய்தி அனுப்பி அவர்களை ஏமாற்ற வேண்டும். செய்யாவிட்டால் அடி. பல மாதம் கழித்து, யார் யாரையோ பிடித்து, அவனை மீட்டுக்கொண்டு வந்தோம். இப்போது ஃபோன் அடித்தால் அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறான். கம்ப்யூட்டர் ஓடுகிற அறைக்குள் கால் வைப்பதில்லை.

ஊரில் ஆறு இருக்கிறதா, அம்மா என்ன சமைப்பாள். அதே பாடம். என் வீட்டுக்குள், என் மகனுக்கு.

அவனிடமே நேராகக் கேட்டிருக்கலாம்தான். அண்ணன் தன் மகனிடம் நேராகத்தான் கேட்டார். அதற்கும் பதில் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். கேட்டால் என் மகனும் உஷாராகிவிடுவான் என்று நினைத்தேன். கேட்காமல் கவனிப்பது என்று முடிவு செய்தேன்.

கவனிக்க ஆரம்பித்தால் எல்லாமே கண்ணில் குத்தியது. அவன் மேஜையில் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. அவன் குளிக்கப் போனபோது அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே பகடைகள். தாயக்கட்டை மாதிரி இல்லை. நாலு முகம், எட்டு முகம், ஒன்று இருபது முகம். கணக்கு டீச்சரான எனக்கே கரும்பலகையில் வரையத் தெரியாத வடிவம் அது. முதலில் சூதாட்டம் என்று நினைத்தேன். சூதாட்டமாக இருந்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்று அடுத்த நிமிஷம் நினைத்தேன்.

அந்த வாரம்தான் தபால்காரர் பாஸ்போர்ட் கொண்டுவந்து கொடுத்தார். எதற்கு என்றேன். "சும்மா இருக்கட்டும்மா, ஒரு ப்ரூஃபுக்கு" என்றான். ஆதார் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, இன்னொரு ப்ரூஃப் எதற்கு? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவன் அப்பா வீடியோவில் வந்தபோது சொன்னேன். அவர் போர்வெல் மோட்டார் சரியாக ஓடுகிறதா என்று கேட்டார். பேச்சை மாற்றும்போது அவர் காது மடலைத் தடவுவார். அன்றைக்கும் தடவினார்.

மறுநாள் அந்தப் பாஸ்போர்ட்டை அவன் அலமாரியிலிருந்து எடுத்து, பள்ளிக்கூடத்தில் என் பீரோவுக்குள், பழைய வினாத்தாள் கட்டுகளுக்கு நடுவில் செருகி வைத்தேன். பாதுகாப்புக்குத்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது தும்பிவிடுதி. எங்கள் பக்கத்தில் ஓர் ஆளைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் ஆளை விசாரிக்க மாட்டோம், ஊரை விசாரிப்போம். பெண் கொடுப்பதானாலும் சரி, வீட்டை வாடகைக்கு விடுவதானாலும் சரி. ஊர் தெரிந்தால் அங்கே வாக்கப்பட்டுப் போன நம் பக்கத்துப் பெண் ஒருத்தி இருப்பாள். அவளைப் பிடித்தால் மூன்று தலைமுறைக் கதையும் வந்துவிடும். பையன்களுக்கு ஊர் சொல்லிக்கொடுக்கிற ஏஜெண்ட் தனக்குத் தெரிந்த ஊரைத்தானே சொல்லிக்கொடுப்பான்? ஊரைக் கண்டுபிடித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

ஸ்டாஃப் ரூமில் தமிழ் டீச்சரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. "தும்பிவிடுதியா? கறம்பக்குடி ரோட்டுல போயி உள்ள திரும்பணும் டீச்சர். திருப்பத்துல ஒரு அய்யனார் கோயில் இருக்கும்" என்றார். பூக்காரம்மா தன் நாத்தனார் வகையில் ஒரு பெண்ணை அங்கே கொடுத்திருப்பதாகவும், தண்ணீர்க் கஷ்டமான ஊர் என்றும் சொன்னார். பஸ் கண்டக்டர் ஒருவர் அது கறம்பக்குடிப் பக்கமே இல்லை, அறந்தாங்கிப் பக்கம், அங்கே மினி பஸ்தான் போகும் என்றார். அவர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "அந்த ஊருப் பசங்க முக்காவாசிப் பேரு வெளிநாட்டுலதாங்க இருக்காய்ங்க."

எங்கள் மாவட்டத்தில் எந்த ஊரைச் சொன்னாலும் இந்த வாக்கியம் பொருந்தும் என்பது அப்போது தோன்றவில்லை.

யாருமே அப்படி ஓர் ஊர் இல்லை என்று சொல்லவில்லை. இன்று யோசித்தால் புரிகிறது. வழி கேட்டவரிடம் தெரியாது என்று சொல்லி அனுப்புவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. ஏதாவது ஒரு திசையைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவோம்.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மகனை அனுப்பிய ஏஜெண்ட் இன்னும் அவர் கையில் சிக்கவில்லை. இந்தக் குரல்காரனும் அவனும் ஒருவனாக இருக்கலாம் என்ற நினைப்பு அவருக்கு. காலையில் போனவர் பொழுது சாயத்தான் வந்தார். சட்டை முழுக்கப் புழுதி. டீக்கடையில் கேட்டால் அடுத்த டீக்கடைக்குப் போகச் சொன்னார்களாம். ஓரிடத்தில் தும்பிவிடுதிக்காரர் ஒருவர் இப்போதுதான் டீ குடித்துவிட்டுப் போகிறார் என்றுகூடச் சொன்னார்களாம்.

"ஊரு இருக்குத்தா" என்றார் அண்ணன். "நாந்தான் சரியான ரோட்டப் பிடிக்கல."

எனக்கு மிஞ்சியிருந்தது ஒரே வழி. அந்தப் பயிற்சியை உள்ளே இருந்து பார்த்தவன் ஒருவன்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனை வரச் சொன்னேன். வருவான் என்று நம்பவில்லை. அண்ணன் அவனைப் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார். அவனைக் கூடத்தில் உட்காரவைத்துக் காதோடு சொன்னேன். நீ உள்ளே போக வேண்டாம், இங்கிருந்தே கேள், அங்கே நடந்ததும் இதுவும் ஒன்றா என்று மட்டும் எனக்குச் சொல். அவன் தலையாட்டினான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். மீட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான் உட்காருகிறான்.

உள்ளே ஆரம்பித்தது. என் மகன் பேசினான். "தும்பிவிடுதில ஆறு கெடையாது. கெணறும் இல்ல. ஒவ்வொரு தும்பியும் பஸ் சைசுக்கு இருக்கும். விடியக்காலைல றெக்கையில பனி பிடிச்சுக்கிட்டு வந்து வீட்டு வாசல்ல சிலுப்பிவிட்டுட்டுப் போகும். அதுதான் ஊருக்குத் தண்ணி."

தும்பி என்றால் விமானமாக இருக்குமோ என்று நினைத்தேன். பனி என்றால் என்ன, தங்கமா? கடத்தலா? என் தலைக்குள் எல்லாம் வேகமாகப் பொருந்திக்கொண்டே போனது.

ஒரு பெண் குரல் கேட்டது. அவளுடைய ஊர் சாம்பக்குளம். எரிந்துபோன உலகமாம். அங்கே யாரும் அடுப்பு மூட்டக் கூடாதாம், மூட்டினால் குளம் விழித்துக்கொள்ளுமாம். இன்னொரு பையன் ஒத்தைக்கரை என்றான். அங்கே கடலுக்கு ஒரு கரைதான். மறு கரைக்குப் போனவர்கள் கிளம்பிய இடத்துக்கே வந்து சேருவார்களாம். மூத்த குரல் சிரித்தது. "அப்ப ஒங்க ஊர்ல கப்பல்காரன் பொழப்பு என்னடா ஆகறது?"

நான் அண்ணன் மகனைப் பார்த்தேன். அவன் வாயோரம் என்னவோ அசைந்தது. அழப் போகிறான் என்று நினைத்துக் கையைப் பிடிக்கப் போனேன். அவன் எழுந்து, நேராகப் போய் அந்தக் கதவைத் தள்ளினான்.

என் மகன் திடுக்கிட்டுத் திரும்பினான். "மச்சான்?"

"நானும் ஒரு ஊரு சொல்லலாமாடா?"

அவன் தானாக ஒரு வாக்கியம் பேசி எவ்வளவு காலம் ஆகியிருந்தது. என் மகன் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தான். மூத்த குரல், புது ஆளா, வாங்க, ஊர்ப் பேரைச் சொல்லுங்க என்றது. இவன் திரைக்கு எதிரே உட்கார்ந்தான்.

"ரெட்டைவாசல்."

"அங்க என்ன விசேஷம்?"

"ரெண்டு வாசலு இருக்கும். ரெண்டுக்கும் தாப்பா உள்பக்கம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

பிறகு அந்தக் குரல், "நல்ல ஊரு. வச்சுக்கறேன்" என்றது.

அதற்கு மேல் என்னால் கூடத்தில் நிற்க முடியவில்லை. உள்ளே போய், "இந்தத் தும்பிவிடுதி எங்கடா இருக்கு?" என்று கேட்டேன்.

"எங்கயும் இல்லம்மா. நானா வச்ச பேரு."

"ஒங்க மாமா பைக்குல போய்த் தேடிட்டு வந்திருக்காரு. கறம்பக்குடி ரோட்டுல."

என் மகன் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தான். அவன் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

பிறகுதான் என் மகன் விவரமாகச் சொன்னான். இது ஒரு விளையாட்டு. எல்லோரும் சேர்ந்து ஒரு கதையை வாரா வாரம் வளர்த்துக்கொண்டு போகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம். மூத்த குரல்காரர் கதையை நடத்துகிறவர். யார் ஜெயிப்பார், யார் விழுவார் என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சொந்த உலகம் வேண்டும், அதற்குப் பெயர் வைக்க வேண்டும். இங்கிலீஷில் வாயில் நுழையாத பெயர்களை வைத்துப் பார்த்தார்களாம், எதுவும் ஒட்டவில்லையாம். நம் ஊர்ப்பெயர் மாதிரி வைத்தால்தான் அங்கே ஆள் இருப்பதுபோல் தோன்றுகிறதாம். குரல்காரரிடம் நானும் பேசினேன். மதுரையில் ஒரு அச்சகத்தில் வேலையாம். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அவ்வளவு பொறுமையாகச் சொன்னதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"வெளையாட்டுன்னா வெளையாடு. சொந்த ஊர எதுக்கு மாத்திச் சொல்லணும்?" என்றேன்.

"மாத்திச் சொல்லலம்மா. ஊர்லயே இருக்கறவனுக்கு ஊருக்குப் பேரே வேணாம். ஊருக்குப் போறேன், ஊர்லேருந்து வாரேன்னு சொன்னாப் போதும். வெளிய போறவன்கிட்டதான் ஒன் ஊரு எதுன்னு கேப்பாங்க. அவனுக்குத்தான் பேரு வேணும்."

சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டான். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். ஒரு பையன் எந்த இடத்தில் தலையைக் குனிகிறான் என்பது எனக்குத் தெரியும்.

"நீ எங்கடா போற?"

லேப்டாப்பில் இருந்தவர்களிடம் பிறகு வருகிறேன் என்று சொல்லி மூடினான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். சிங்கப்பூரில், அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் வேலை. அப்பாதான் பார்த்து வைத்திருக்கிறார். மச்சானுக்கு அப்படி ஆனதற்குப் பிறகு உன்னிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தோம்.

விளையாட்டைப் பற்றி நான் சந்தேகப்பட்டது அத்தனையும் தப்பு. அவன் கிளம்பப் போகிறான் என்பது மட்டும் சரி. இதில் எதற்கு நிம்மதிப்படுவது, எதற்கு அழுவது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"மச்சானுக்கு ஆனத நெனச்சுத்தான் என் பாஸ்போர்ட்ட எடுத்து ஒளிச்சு வச்சியாம்மா?" என்றான். அலமாரியில் இல்லை என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவனும் என்னைக் கேட்காமல் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"ஒன் நல்லதுக்குத்தான் வச்சேன். பத்திரமா இருக்கு."

அதுவரை சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்த அண்ணன் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"அங்கயும் மொதல்ல அதத்தான் வாங்கி வச்சாங்க அத்த. பத்திரமா இருக்கட்டும்னுதான் சொன்னாங்க."

அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். ஆனாலும் அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை உள்ளே கொண்டுபோகாமல் கூடத்தில் டிவிக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தான். எனக்காகத்தான் அங்கே வைக்கிறான் என்று புரிந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது.

அவன் அப்பா அழைத்தபோது சண்டை போடவில்லை. அந்த மதுரைக்காரர் கேட்ட கேள்விகளையே கேட்டேன். தங்குகிற இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யாருக்கு யார் பயப்பட வேண்டும், வெளியே வர எத்தனை வழி. அண்ணன் மகன் தந்த கேள்விகளையும் சேர்த்துக்கொண்டேன். தாழ்ப்பாள் எந்தப் பக்கம், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்.

"அவன் பொட்டியிலதான் இருக்கும். வேற யாரு கைக்கும் போகாது" என்றார். மற்ற கேள்விகளுக்கும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். காதைத் தடவினாரா என்று தெரியவில்லை. அன்றைக்கு அவர் வீடியோவில் வரவில்லை, வெறும் குரல்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அண்ணன் மகன் தானே பஸ் பிடித்து வந்துவிடுகிறான். இருவரும் அறைக்குள் உட்கார்ந்து உலகங்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். கதவு திறந்தே இருக்கிறது. நான் தாள் திருத்துகிறேன், ஒரு காதை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு. விசா இன்னும் வரவில்லை. வந்தால் போவான்.

போன வாரம் ஸ்டாஃப் ரூமில் தமிழ் டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "டீச்சர், நீங்க கேட்டீங்களே தும்பிவிடுதி, அதுக்கு இப்ப ஆலங்குடியிலேருந்து நேர் பஸ் விட்டிருக்காங்களாம்" என்றார்.

அப்படி ஓர் ஊரே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"திரும்பி வர்றதுக்கும் உண்டான்னு கேட்டீங்களா டீச்சர்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, எங்கள் பக்கத்து ஆள்தானே, "இருக்கும் டீச்சர். இல்லாமயா இருக்கும்?" என்றார்.